பள்ளி மாவட்ட நிர்வாகமும் ஒருங்கிணைப்பு நிதியும்: மினசோட்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள புறநகர்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரை மனத்தில் கொண்டு இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்குள்ள பள்ளி மாவட்டங்களில் கணிசமானவை, மாநிலத்தின் ‘கற்றல் அடைவு மற்றும் ஒருங்கிணைப்பு’த் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் பணம் பெறுகின்றன. வெவ்வேறு இனப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வழிசெய்வதைத்தான் இங்கே ஒருங்கிணைப்பு என்கிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதைக் கேட்பதற்கான வாய்ப்பைச் சட்டமே வகுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பள்ளி மாவட்டத்தில் உண்மையில் முடிவெடுப்பவர் யார்?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி மாவட்டம் என்பது நகராட்சிக்கோ கவுண்டிக்கோ உட்பட்ட ஒரு துறை அன்று. அது தனக்கென எல்லையும் வரி விதிக்கும் அதிகாரமும் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்பு. மினசோட்டாவில் பெரும்பாலான மாவட்டங்களை, நான்காண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஆறு அல்லது ஏழு உறுப்பினர் கொண்ட வாரியம் ஆள்கிறது. மாவட்டக் கண்காணிப்பாளரை, அதாவது சூப்பரிண்டெண்டென்ட்டை, நியமிப்பது வாரியம். அவரும் அவருடைய அலுவலர்களும் வரைவுகளைத் தயாரிப்பார்கள். வரவுசெலவுத் திட்டம், சொத்து வரி, பள்ளி எல்லைகள் ஆகியவற்றின்மீது வாக்களிப்பவர்கள் வாரிய உறுப்பினர்களே.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ஆனால் ஆசிரியர் நியமனமோ வரியோ அதன் கையில் இல்லை. இங்கே நிலைமை தலைகீழ். வாரியத்தில் பெற்றோருக்கென ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை, ஆனால் வாரியத்தின் அதிகாரமோ மிகப் பெரியது. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டவர்களும் பிள்ளையே இல்லாதவர்களும் அதில் உறுப்பினராகலாம். பெற்றோர் என்ற தகுதி ஒன்றே எவருக்கும் இடம் பெற்றுத் தராது. கூட்டங்களுக்கு வந்து அமர்பவருக்குத்தான் செல்வாக்கு சேர்கிறது.

ஒருங்கிணைப்புக்கு எனத் தனியாக நிதி எதற்கு?

அரசுப் பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவர்களைப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அது தென் மாநிலங்களுக்கு மட்டுமான செய்தி என்று வடக்கில் பலர் நினைத்திருந்தார்கள். 1972இல் கூட்டாட்சி நீதிபதி ஏர்ல் லார்சன், மினியாபொலிஸ் பள்ளிகளும் பிரிவினையைப் பேணியிருக்கின்றன என்று தீர்ப்பளித்து அதைச் சீர்செய்ய ஆணையிட்டார்; அந்த மாவட்டம் 1983 வரை நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. இடையில், 1974இல், டெட்ராய்ட் தொடர்பான மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு விதித்தது. பிரிவினையில் புறநகர் மாவட்டங்களுக்குப் பங்கு இருந்தது என்று நிறுவப்படாதவரை, நகரப் பள்ளிகளைச் சீர்செய்வதற்காக அவற்றை வலுக்கட்டாயமாகச் சேர்க்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. மாவட்ட எல்லைக்கோடு ஒரு மதில் ஆகிவிட்டது. நகரத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் அந்த மதிலுக்கு அப்பால் குடியேறின. கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் ஊக்கத்தொகை கொடுத்து இணங்கவைப்பதுதான் மாநிலத்துக்கு எஞ்சிய வழி. ஒருங்கிணைப்பு நிதி பிறந்த சூழ்நிலை இதுதான். 1995இல் தொடரப்பட்ட மற்றொரு வழக்கு 2000இல் சமரசத்தில் முடிந்தது. அதன் பயனாக, வருமானம் குறைந்த மினியாபொலிஸ் குடும்பங்களின் பிள்ளைகள் மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் சேர வழிசெய்யும் ‘தி சாய்ஸ் இஸ் யுவர்ஸ்’ திட்டம் 2001இல் தொடங்கியது.

இப்போதுள்ள திட்டம் எப்போது வந்தது?

2013இல். அதற்கு முன்பிருந்த நிதியின் நோக்கம் தெளிவாக இல்லை என்று சட்டமன்றத் தணிக்கையாளர் அலுவலகம் 2005இல் குறை கூறியது. 2011இல் சட்டமன்றம் பழைய நிதியை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்து, அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்க ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், இன ஒருங்கிணைப்போடு கற்றல் அடைவில் உள்ள இடைவெளியைக் குறைப்பதையும் நோக்கமாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு நோக்கங்களை ஒரே பணப்பையில் போட்டதால், கூடுதல் பயிற்சி வகுப்பு நடத்துவது சுலபம், பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பது கடினம் என்ற நிலையில், பல மாவட்டங்கள் சுலபமானதன் பக்கமே சாய்கின்றன என்பது என் கணிப்பு.

எந்த மாவட்டங்கள் இதில் அடங்கும்?

மாநில விதிகள் மூன்று சூழல்களைச் சொல்கின்றன. ஒரு மாவட்டத்தில் ‘பாதுகாக்கப்பட்ட மாணவர்’ என்ற வகையில் வருவோரின் (யார் யார் என்பது அடுத்த பதிலில்) விகிதம், அதை ஒட்டியுள்ள ஏதேனும் ஒரு மாவட்டத்தைவிட 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் அதிகமாக இருந்தால், அது இனரீதியாகத் தனிமைப்பட்ட மாவட்டம் ஆகிறது. ஒட்டியுள்ள அந்த மாவட்டமும் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள், ஒரு பள்ளியின் விகிதம் அதே வகுப்புகளுக்கான மாவட்ட விகிதத்தைவிட 20 புள்ளிகளுக்கு மேல் கூடினாலும் அந்த மாவட்டம் திட்டம் தீட்டியாக வேண்டும். இவை தவிர, தாமாக முன்வந்து சேரும் மாவட்டங்களும் உண்டு.

எங்கள் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருகிறார்களா?

வருகிறார்கள். தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ‘பாதுகாக்கப்பட்ட மாணவர்’ என்ற வரையறையில் கறுப்பினத்தவர், லத்தீன் வம்சாவளியினர், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆகியோரோடு ஆசிய வம்சாவளியினரும் அடக்கம். சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் இடும் குறி, உங்கள் மாவட்டத்துக்கு வரும் ஒருங்கிணைப்பு நிதியின் கணக்கில் ஒரு தலையாகச் சேர்கிறது. ஆகவே, இது யாரோ ஒருவருடைய பிரச்சினை, நாம் வெளியாட்கள் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆசியர் என்ற ஒரே தலைப்பின்கீழ், மென்பொருள் வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்களும், போரிலிருந்து தப்பி அகதிகளாக வந்து செயின்ட் பாலில் பெருந்தொகையாக வாழும் மாங், கரேன் சமூகங்களும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. நிதிச் சூத்திரத்தின் இந்தப் பகுதி எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை. மதிப்பெண்களை ஆசியர் என ஒட்டுமொத்தமாகச் சராசரி எடுத்தால், உதவி தேவைப்படும் கரேன் சிறுமி அந்தச் சராசரிக்குள் மறைந்துபோவாள். எனவே, மாவட்டம் புள்ளிவிவரம் வெளியிடும்போது, உட்பிரிவு வாரியாகத் தாருங்கள் என்று கேட்பது இந்தியப் பெற்றோர் பிறருக்காகச் செய்யக்கூடிய பயனுள்ள காரியம்.

பணம் எவ்வளவு? கணக்கு எப்படி?

சூத்திரம் கடினமானதன்று. சரிசெய்யப்பட்ட மாணவர் அலகு ஒன்றுக்கு 350 டாலர் என வைத்து, அதை முந்தைய ஆண்டில் பாதுகாக்கப்பட்ட மாணவர்கள் இருந்த விகிதத்தால் பெருக்குவார்கள். (இந்த அலகுக் கணக்கில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர் ஒருவர் 1.2 ஆக எண்ணப்படுவார்.) இன, பொருளாதார வேறுபாடுகளைக் குறைக்கத் தாமாக முன்வந்து திட்டமிடும் மாவட்டத்துக்கு அலகுக்கு 10 டாலர் ஊக்கத்தொகை தனியே உண்டு. பழைய திட்டத்திலிருந்து மாறியபோது இழப்பு நேர்ந்த மாவட்டங்களுக்கு வேறொரு சேர்க்கையும் இருக்கிறது. அதை இங்கே விட்டுவிடுவோம்.

கணக்குக்காக, 10,000 அலகுகளும் 40 சதவீதப் பாதுகாக்கப்பட்ட மாணவர்களும் உள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 350 பெருக்கல் 10,000 பெருக்கல் 0.4 என்றால் 14 லட்சம் டாலர். ஊக்கத்தொகை 1 லட்சம். மொத்தம் 15 லட்சத்தில் 70 சதவீதமான 10.5 லட்சத்தை மாநிலம் தரும், மீதி 4.5 லட்சம் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வரும். அதாவது, வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய வரிச்சீட்டிலும் இதன் ஒரு துளி உண்டு.

இது பெரிய தொகையா என்றால், ஆமாம், இல்லை என்று இரு விதமாகவும் சொல்லலாம். மாநிலம் தரும் அடிப்படைக் கல்வி உதவியே 2025 நிதியாண்டில் அலகுக்கு 7,281 டாலர். அதன்படி அதே மாவட்டத்துக்கு 7 கோடியே 28 லட்சம் டாலர் வரும். அதன் பக்கத்தில் 15 லட்சம் சிறியதுதான். ஆனால் அடிப்படை உதவியின் பெரும்பகுதி சம்பளத்திலும் கட்டடப் பராமரிப்பிலும் கரைந்துவிடும். புதிதாக எதையேனும் செய்துபார்ப்பதற்கு மாவட்டத்தின் கையில் இருக்கும் பணம் மிகக் குறைவு என்பதால், இந்த 15 லட்சத்துக்கு அதன் அளவை மீறிய மதிப்பு உண்டு.

இதை எதற்குச் செலவிடலாம்?

குறைந்தது 80 சதவீதம் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வகையில் செலவாக வேண்டும்: ஒருங்கிணைந்த கற்றல் சூழல்கள், பள்ளித் தெரிவு வாய்ப்புகள், குடும்பங்களை ஈடுபடுத்தும் பணிகள் போன்றவை. ஆசிரியர் பயிற்சிக்கு அதிகபட்சம் 20 சதவீதம். நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. நடைமுறையில் இது மேக்னெட் பள்ளிகளாகவும் (தனித்தன்மையான பாடத்திட்டத்தால் பல பகுதிப் பிள்ளைகளை ஈர்க்கும் பள்ளிகள்), இரு மாவட்டப் பிள்ளைகள் சேர்ந்து கற்கும் கோடை வகுப்புகளாகவும், சோமாலி அல்லது ஸ்பானிய மொழி பேசும் குடும்பத் தொடர்பாளர் பணியிடங்களாகவும், கல்லூரிக்குத் தயார்செய்யும் வகுப்புகளாகவும் உருவெடுக்கிறது.

நிதி பெறும் மாவட்டம், இனத்தைப் பார்த்து ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட பள்ளிக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. சியாட்டில் நகரப் பெற்றோர் அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில், லூயிவில் நகர வழக்கையும் சேர்த்து, 2007இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அத்தகைய ஒதுக்கீட்டு முறைகளை ரத்துசெய்தது. ஆனால் அந்த ஐவரில் ஒருவரான நீதிபதி கென்னடி, பள்ளிக் கட்டடத்துக்கான இடத்தைத் தேர்வது, எல்லைக்கோடுகளை வரைவது, சிறப்புத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவது போன்ற பொதுவான வழிகளில் ஒருங்கிணைப்பை நாடலாம் என்று தனியே எழுதினார். இன்று மாவட்டங்கள் வேலைசெய்வது அந்த இடைவெளியில்தான்.

பெற்றோர் எந்த நேரத்தில் தலையிட்டால் பலன் இருக்கும்?

பெரும்பாலோர் ஜூன் மாதத்தில் வருகிறார்கள். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், வரவுசெலவுத் திட்டத்தை வாரியம் அதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில்தான் அரங்கம் நிரம்பும். ஒருங்கிணைப்பு நிதியைப் பொறுத்தவரை, அதற்குள் காரியம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். மாவட்டம் மூன்றாண்டுக்கு ஒரு முறை திட்டம் வகுக்கிறது. ஆண்டுதோறும் விரிவான செலவுத் திட்டமும் தருகிறது. மாநிலக் கல்வித் துறையின் ஒப்புதலுக்காக அவை மார்ச் 15க்குள் போய்ச்சேர வேண்டும். ஆகவே, திட்டத்தின் வாசகங்களை மாற்றக்கூடிய காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான்.

அந்தக் காலத்துக்கான வாசலைச் சட்டமே திறந்துவைத்திருக்கிறது. திட்டத்தின் இலக்குகளில் எவ்வளவு எட்டப்பட்டது என்று பொதுமக்களிடம் கூற, வாரியம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் முறைப்படி பொது விசாரணை நடத்த வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பு, திட்டத்தையும் முதற்கட்ட ஆய்வையும் பல ஆண்டுகளை ஒப்பிடும் மாணவர் தரவுகளையும் மாவட்டத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இந்த 30 நாள் விதிதான் பெற்றோர் கையில் உள்ள வலுவான கருவி என்பேன். வெளியிடவில்லை என்றால், வாரியத் தலைவருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போதும். விதி தெரிந்த ஒருவர் கவனிக்கிறார் என்ற செய்தி போய்ச்சேர்ந்துவிடும்.

சொத்து வரிப் பகுதிக்குத் தனிக் கால அட்டவணை உண்டு. உத்தேச வரியை மாவட்டம் செப்டம்பர் இறுதிக்குள் சான்றளிக்கும், வீட்டு உரிமையாளர்களுக்கு நவம்பரில் அறிவிப்பு வரும், இறுதி வரி டிசம்பர் முடிவில் உறுதியாகும்.

ஆலோசனைக் குழுக்களில் சேருவது எப்படி?

இனரீதியாகத் தனிமைப்பட்ட மாவட்டமும் அதை ஒட்டியவையும் சேர்ந்து பல்மாவட்டக் கூட்டுக்குழுவை அமைக்கும். மாவட்ட விகிதத்தைவிட 20 புள்ளிகளுக்கு மேல் கூடிய பள்ளி உள்ள மாவட்டம் சமூகக் கூட்டுக்குழுவை அமைக்கும். திட்டத்தின் வரைவு இக்குழுக்களில்தான் உருவாகிறது. இவை தவிர, கற்றல் இலக்குகளைப் பரிசீலிக்கும் மாவட்ட ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. இயன்றவரை அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெற்றோரும் ஊர்மக்களுமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

இந்த இடங்களுக்குப் போட்டி அதிகம் இருப்பதில்லை. கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ, ஒருங்கிணைப்புத் திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலருக்கோ எழுதிக் கேட்டால் போதும். ஆனால் கூட்டம் வேலைநாள் மாலையில் நடக்கும். இரண்டு ஷிப்ட் பார்க்கும் தாயால் வர முடியாது. மடிக்கணினியுடன் வீட்டிலிருந்து வேலைசெய்பவரால் வர முடியும். யாருக்காக நிதியோ அவர்கள் அந்த அறையில் குறைவாக இருப்பதற்கு அலட்சியம் காரணமில்லை. குழுவில் சேர்ந்ததும், குழந்தை பராமரிப்பும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்யுங்கள் என்று முதல் கோரிக்கை வைப்பது நியாயமாக இருக்கும்.

பொது விசாரணையில் என்ன கேட்க வேண்டும்?

கூட்டத்தில் வந்து அமரும் உரிமையைத் திறந்த கூட்டச் சட்டம் தருகிறது. பேசும் நேரத்தை வாரியம் தன் விதிகளால் வரையறுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். உறுப்பினர்கள் அங்கேயே பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

அந்தச் சில நிமிடங்களை, நீதி, சமத்துவம் என்ற பொதுப் பேச்சில் செலவழித்தால் யாருக்கும் சங்கடம் நேராது, எதுவும் மாறாது. செலவுத் திட்டத்தில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, கோடை முகாம் என்று ஒரு தொகை இருந்தால் இப்படிக் கேட்கலாம்: அந்த முகாமில் எந்தெந்தப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், இரண்டு மாவட்டப் பிள்ளைகளும் உண்மையில் ஒரே அறையில் இருந்தார்களா, பேருந்து வசதி இருந்ததா, சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்தார்கள்? விடை கூட்டத்தில் கிடைக்காவிட்டால், மாநிலத்தின் அரசுத் தரவுச் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். தனி மாணவர் விவரம் தரமாட்டார்கள். தொகுப்பு எண்ணிக்கையை மறுக்க இயலாது. இலக்கை எட்டாத மாவட்டத்துக்கு மேம்பாட்டுத் திட்டம் வகுத்து, நிதியில் 20 சதவீதம் வரை அதற்கெனத் திருப்பும் அதிகாரம் மாநிலக் கல்வி ஆணையருக்கு இருப்பதால், இந்தக் கேள்விகளை அலுவலர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பெற்றோர் ஈடுபட்டால் ஒருங்கிணைப்பு வலுப்படும் என்பது உறுதியா?

உறுதியில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2007 வழக்கைத் தொடர்ந்தவர்களே பெற்றோர்தான். மினசோட்டாவில் ஈடன் பிரெய்ரி மாவட்டம் இதற்கு நல்ல சான்று. சோமாலிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு தொடக்கப் பள்ளியில் திரண்டிருந்த நிலையை மாற்ற, அந்த வாரியம் 2010இன் இறுதியில் பள்ளி எல்லைகளைத் திருத்தியது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 2011இல் கண்காணிப்பாளர் பதவி விலகினார். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் வாரியத்தின் முகமும் மாறியது. எதிர்த்தவர்கள் எல்லோரும் இனவெறியர் என்று சொல்வது தவறு. அண்டைவீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த பள்ளியை இழப்பது உண்மையான வருத்தம்தான். ஆனாலும், வாரியக் கூட்டங்களில் ஒலித்த குரல்களின் எடைக்கும் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கைக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவேண்டியதில்லை என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

மாறான கதை உட்பரியில் இருந்த கிராஸ்விண்ட்ஸ் பள்ளி. கிழக்குப் புறநகர்களும் செயின்ட் பாலும் சேர்ந்த ஒருங்கிணைப்பு மாவட்டம் அதை நடத்திவந்தது. பள்ளி நடத்துவதிலிருந்து அந்த அமைப்பு விலக முடிவுசெய்தபோது, பெற்றோர் சட்டமன்றம்வரை சென்று வாதாடி, பள்ளியை மாநிலக் கலைக் கல்வி மையமான பெர்பிச்சிடம் ஒப்படைக்கச் செய்தார்கள். வெற்றிதான். ஆனால் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், 2017இல் பள்ளி மூடப்பட்டது. பள்ளியைக் காப்பாற்றும் போராட்டத்துக்கு இருநூறு பேர் வரலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும் சலிப்பான வேலைக்குச் சிலரே மிஞ்சுவார்கள்.

நீதிமன்றத்தில் உள்ள வழக்கு இந்த நிதியைப் பாதிக்குமா?

பள்ளிகளில் உள்ள இனப் பிரிவினையை எதிர்த்து 2015இல் பெற்றோர் தொடர்ந்த குரூஸ்-குஸ்மான் வழக்கைக் குறிப்பிடுகிறீர்கள். இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. 2023 டிசம்பரில், பள்ளியில் இன ஏற்றத்தாழ்வு இருப்பது மட்டுமே மாநில அரசியலமைப்பின் கல்விப் பிரிவை மீறியதாகாது என்றும், அந்த ஏற்றத்தாழ்வு கல்வியின் போதாமைக்குக் கணிசமான காரணம் என்று நிறுவினால் அரசு பொறுப்பேற்க நேரும் என்றும் தீர்ப்பளித்தது. அரசு வேண்டுமென்றே அப்படிச் செய்தது என்று நிறுவத் தேவையில்லை. நிதிச் சூத்திரத்தை இந்தத் தீர்ப்பு தொடவில்லை. அதை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்துடையது.

நான் இன்னும் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. எனக்கு இதில் என்ன இடம்?

வாரியத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் முடியாது. மற்றவை எல்லாம் திறந்திருக்கின்றன. எச்-1பி விசாவில் இருப்பவரும் வாரியக் கூட்டத்தில் பேசலாம், கூட்டுக்குழுவில் அமரலாம், தரவுகள் கேட்டு எழுதலாம். சொத்து வரி கட்டுபவர்தானே! ஆங்கிலத்தில் தயக்கம் உள்ள பெற்றோருக்குப் புரியும் மொழியில் முக்கியத் தகவல்களைத் தருவது கூட்டாட்சிக் குடிமை உரிமைகள் சட்டப்படி மாவட்டத்தின் கடமை. வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவுக்காகத் தமிழிலும் மொழிபெயர்ப்பு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குடியுரிமை பெற்றவர் வாரியத் தேர்தலில் நிற்க என்ன தகுதி வேண்டும்?

தகுதியுள்ள வாக்காளராக, 21 வயது நிறைந்தவராக, தேர்தலுக்கு முன் 30 நாள்களாவது அந்த மாவட்டத்தில் வசித்தவராக இருக்க வேண்டும். வேட்புமனுக் கட்டணம் பொதுவாக 2 டாலர். சில மாவட்டங்களில் இரட்டைப்படை ஆண்டிலும் சிலவற்றில் ஒற்றைப்படை ஆண்டிலும் நவம்பரில் தேர்தல் நடக்கும். ஒற்றைப்படை ஆண்டில் அதிபர் தேர்தலோ ஆளுநர் தேர்தலோ இல்லாததால் வாக்குப்பதிவு மிகக் குறைவாக இருக்கும். சில நூறு வாக்குகளில் முடிவு மாறிவிடும். நிற்க எண்ணுபவர், அதற்கு முந்தைய ஓராண்டாவது ஏதேனும் ஓர் ஆலோசனைக் குழுவில் பணியாற்றியிருந்தால், வரவுசெலவு ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவராகப் பிரச்சாரத்துக்கு வருவார். அங்கே எதிரில் நிற்கும் பலருக்கு அது கைவராத வித்தை.